தாய்ப்பாலில் வரும் புழு

மட்டக்களப்புக்குச் சென்று திரும்புவோர் ஒரு சட்டித் தயிரையேனும் கையோடு கொண்டுவருவது வழக்கம். அந்தச் சட்டிக்குப் பின்னால் ஓர் எருமை நிற்கிறது என்பதும், அந்த எருமையின் காலடியில் ஒரு கன்று நிற்க வேண்டும் என்பதும் பலரது நினைவுக்கு வருவதில்லை. கன்று முட்டிக் குடித்தாலன்றி நாட்டெருமை எளிதில் பால் சுரப்பதில்லை. எனவே கன்று இறந்தால் பட்டிக்காரருக்கு நட்டம் இரண்டு.

செய்தி சேகரிக்கப் படுவான்கரைப் பக்கம் போயிருந்தபோது முதியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "தாய்ப்பால் குடிச்ச கன்றுதான் தம்பி சாகுது. என்ன தோசமோ தெரியாது." வயிறு ஊதி, மண்நிறத்தில் நாற்றமெடுத்துக் கழிந்து, உரோமம் சிலிர்த்து நின்ற ஒரு கன்றை அவர் காட்டினார்.

தோசமன்று, ஆனால் அவர் சொன்னதில் உண்மை இருந்தது. ரொக்சோகரா விற்றுலோறம் என்னும் வட்டப்புழு தாய்ப்பால் வழியாகவே கன்றை அடைகிறது. மேய்ச்சல் தரையில் கிடக்கும் முட்டைகளை உட்கொண்ட எருமையின் இழையங்களில் குடம்பிகள் நெடுங்காலம் உறங்கிக் கிடக்கும். சினை முற்றும் காலத்தில் அவை விழித்து மடியை நோக்கி நகரும். ஈன்ற முதற் சில நாள்களின் பாலோடு கன்றின் குடலுக்குள் இறங்கி, ஓரடி நீளம்வரை வளரும். தாயோ நோயின் அடையாளம் எதுவுமின்றி நிற்கும்.

1990ஆம் ஆண்டளவில் இலங்கை எருமைகளில் நடத்தப்பட்ட ஆய்வுகள் இதற்கு ஓர் எளிய வழியைக் காட்டின. பிறந்த 10ஆம் நாளுக்கும் 16ஆம் நாளுக்கும் இடையில் பைரன்ரெல் மருந்தை ஒரு தடவை கொடுத்தாற் போதும். புழு முதிர்ந்து முட்டையிடுமுன் அழிந்துவிடும். கன்றும் பிழைக்கும், மேய்ச்சல் தரையும் மாசுபடாது.

மருந்து மலிவுதான். அந்த ஒரு வாரத்தைத் தவறவிடாதிருப்பதே கடினம். எருமையின் சினைக்காலம் ஏறத்தாழ 310 நாள்கள். பசுவைவிட ஒரு மாதம் அதிகம். எருமை பருவத்துக்கு வருவதும் பெரும்பாலும் வெளியே தெரியாது. திறந்த வெளியில் மேயும் பட்டியில் எது எப்போது சினைப்பட்டது என்று யார் கண்டார்? மிருக வைத்தியர் இரண்டு மாதமளவில் கையால் சோதித்தறியலாம். அதற்கு முன்னரே பாலில் உள்ள புரோஜெஸ்தரோன் ஓமோனை அளந்தோ, ஸ்கேன் கருவியாலோ அறியவும் வழியுண்டு. இவை எட்டாத இடத்தில், சினைப்பட்ட மாதத்தையும் ஈன்ற நாளையும் குறித்துவைக்கும் ஒரு கொப்பியே பேருதவி.

தயிரின் விலையேற்றம் பத்திரிகைகளில் செய்தியாகிறது. கன்றுகளின் சாவு செய்தியாவதில்லை. பட்டிதோறும் வருடமொரு முறையேனும் சினைப் பரிசோதனை நடந்து, கன்று பிறந்த இரண்டாம் வாரத்தில் ஒரு வேளை மருந்தும் கிடைக்குமாயின், அந்த முதியவரைப் போன்றோர் தாய்ப்பாலைச் சந்தேகிக்க வேண்டியிராது.