யாரும் கட்டாத தோரணம்

சனி, இரவு. சித்தூர்

நாளை திருமலை. தரிசனம் முடிந்ததும் சிலாதோரணம் என்ற இயற்கைக் கல்வளைவைப் பார்க்கப் போவதென்று முடிவு. சித்தூர்க்காரனுக்குப் பாறை புதிதல்ல. எந்தப் பக்கம் திரும்பினாலும் கருங்கல் குன்றுதான். ஆனால் மலைமேல் இருப்பது வேறு இனத்துக் கல்.

ஞாயிறு, மாலை. திருமலை

கோயிலுக்கு வடக்கே ஒரு கிலோமீட்டர் தூரம்தான். கியூவில் நெரிபட்ட உடம்புக்குத் தோரணத்தைச் சுற்றியுள்ள பூங்காவின் அமைதியே பாதி தரிசனம். கம்பிவேலிக்கு அப்பால் வளைவு: 26 அடி அகலம், 10 அடி உயரம். போட்டோவில் பார்த்ததைவிடச் சின்னது.

"சங்கு தெரியுதா பாரு, அதோ சக்கரம்" என்று ஒரு பாட்டி பேரனுக்குக் காட்டிக்கொண்டிருந்தார்.

"யாரு பாட்டி இதைக் கட்டினது?"

"யாரும் கட்டலடா கண்ணு. பெருமாள் ரெண்டாவது அடி வெச்ச இடம் இது."

சண்டிகரில் 1976இல் திறந்த பாறைப் பூங்காவை நேக் சந்த் உடைந்த ஓடும் வளையலும் பொறுக்கிக் கட்டினார். இங்கே கொத்தனார் மழையும் காற்றும்தான்.

வேலிக்கு வெளியே கிடந்த செம்பழுப்புக் கல்லைத் தடவினேன். கற்கண்டு போல மணிமணியாக மின்னியது. நீரடியில் படிந்த மணல் இறுகிக் குவார்ட்சைட் ஆன கல். வயது சுமார் 150 கோடி ஆண்டு. அது கல்லின் வயது. வளைவு, நலிந்த பகுதி அரிபட்டுப் பின்னால் உண்டானது. இரண்டையும் ஒன்றாக்கிச் சொல்லுகிறவர்களே அதிகம். 1980களில் புவியியலாளர்கள் இதன் அருமையைக் கண்டு சொன்னார்கள். இன்று இது தேசியப் புவியியல் நினைவுச்சின்னம்.

திங்கள், காலை. இறங்கும் பஸ்ஸில்

எனக்குத் தோரணத்தைவிட இந்த மலைப்பாதைதான் பெரிய அதிசயம். சாலைக்காக வெட்டிய சரிவில் கீழே கிரானைட், மேலே குவார்ட்சைட். இரண்டும் சேரும் கோட்டில் குறைந்தது 50 கோடி ஆண்டு காணாமல் போயிருக்கிறது: அந்தக் காலத்தில் கிரானைட் தேய்ந்ததே தவிர, அதன்மேல் படிந்து நின்றது எதுவும் இல்லை. இந்தக் கோடும் தேசியச் சின்னம்தான். பஸ்ஸிலோ முக்கால்வாசிப் பேர் தூக்கம்.

அடுத்த முறை இறங்கும்போது ஜன்னலோர சீட் பிடியுங்கள். லட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, வளைவுக்கு வளைவு அந்தக் கோட்டைத் தேடுங்கள். டிரைவர் நிறுத்த மாட்டார்.