இந்த வருடப் பனிக்கு என் தோட்டம்

 

போன வாரம் நான் போட்ட தோட்டத்துப் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், டேலியா நல்லா பூத்திருக்கும்போதே ஏன் வெட்டிட்டீங்க?" என்று நாலைந்து பேர் கேட்டிருந்தீர்கள். "அக்கா, உனக்கு என்ன ஆச்சு?" என்று மதுரையிலிருந்து தம்பி போனே போட்டுவிட்டான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத விரல் வலிக்கிறது. அதனால் எல்லாருக்கும் சேர்த்து இங்கேயே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

உதகையில் என் வீடு காந்தல் பக்கம் பள்ளத்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். குளிர்ந்த காற்று கனமானது, தண்ணீர் போலவே சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் மேட்டில் இருக்கும் வீட்டுச் செடி தப்பித்துவிடும், எங்கள் செடி கருகிவிடும். நவம்பரில் முதலில் நீர்ப்பனி விழும். அதற்குப் பயமில்லை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, மேகம் விலகி, காற்றும் நின்று, ராத்திரி வானம் கண்ணாடி போலத் தெளிந்ததென்றால் மறுநாள் காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். அதுதான் உறைபனி. பிப்ரவரி வரை எந்த ராத்திரி வரும் என்று சொல்ல முடியாது. டிசம்பர் கடைசியும் ஜனவரியும்தான் மோசம்.

ஐந்தாம் வகுப்பில் நாம் செய்த சோதனை நினைவிருக்கிறதா? ஒரு தட்டுத் தண்ணீரைத் திறந்த வெளியிலும் இன்னொன்றை மரத்தடியிலும் வைத்துவிட்டு வரச் சொல்வேன். காலையில் வெளியில் வைத்தது கண்ணாடிச் சில்லு மாதிரி உறைந்திருக்கும், மரத்தடித் தட்டில் வெறும் தண்ணீர்தான் இருக்கும். பகலில் வாங்கிய சூட்டைத் தரை ராத்திரி முழுக்க வானத்தை நோக்கி விட்டுக்கொண்டே இருக்கிறது. மேலே மேகமோ மரக்கிளையோ இருந்தால் அந்தச் சூட்டில் கொஞ்சம் திரும்பி வரும், ஒன்றும் இல்லாவிட்டால் போனது போனதுதான். செய்தியில் 3 டிகிரி, 4 டிகிரி என்று சொல்லும் நாளிலும் புல்லில் பனி உறைந்திருப்பது ஏன் என்றும் கேட்பீர்கள். அவர்கள் தெர்மாமீட்டரை ஆள் உயரக் கூண்டில் வைத்திருக்கிறார்கள். தரையை ஒட்டி அதைவிடக் குளிர் அதிகம். செடி இருப்பது தரையில்தானே.

நம் தோட்டத்தில் அழகாகப் பூக்கும் எதுவுமே இந்த மண்ணில் பிறந்ததில்லை என்பது இன்னொரு சங்கதி. டேலியா மெக்சிகோவிலிருந்து வந்தது, ஜெரேனியம் தென்னாப்பிரிக்கா, ஃபுக்சியாவில் பெரும்பாலானவை தென் அமெரிக்கா. வெள்ளைக்காரர்கள் ஆசைப்பட்டுக் கொண்டுவந்து வைத்தவை. இந்த மலையின் சொந்த மரமான ரோடோடென்ட்ரான் திறந்த புல்வெளியில் உறைபனிக்கு நடுவே நின்றுகொண்டே சிவப்பாகப் பூக்கிறது. அதற்கு யாரும் சாக்குப் போர்த்துவதில்லை.

வந்த விருந்தாளிகளுக்குத்தான் உபசாரம் வேண்டியிருக்கிறது. தாவரவியல் பூங்காவில் வருடாவருடம் கோத்தகிரி மிலார் செடியை வெட்டி வந்து மலர்ச் செடிகளை மூடி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். தேயிலைக்காரர்கள் தாகையைப் பரப்பி மூடுவார்கள். என் வீட்டில் கோணிச் சாக்கும் பழைய வேட்டியும். நாலு குச்சி ஊன்றி, செடியில் படாமல், தரை வரைக்கும் தொங்கும்படி போர்த்த வேண்டும். மேலே மட்டும் தொப்பி மாதிரி போட்டால் பிரயோசனம் இல்லை. மண்ணிலிருந்து எழும் சூடு உள்ளேயே தங்கினால்தான் பாதுகாப்பு. பிளாஸ்டிக் தாள் வேண்டவே வேண்டாம், அது தொட்ட இடத்தில் இலை கருகும்.

தண்ணீரைக் காலையிலோ மதியத்திலோ ஊற்றிவிட வேண்டும். ஈரமண் பகல் வெயிலை நன்றாகப் பிடித்து வைத்துக்கொள்ளும், காய்ந்த மண்ணுக்கு அந்தச் சக்தி குறைவு. ஆனால் சாயங்காலம் இலையை நனைக்காதீர்கள். ஐப்பசி முடிந்தால் சாணிக் கரைசல், உரம் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவேன். உரம் வைத்தால் துளிர் விடும், துளிர்தான் பனிக்கு முதல் பலி.

இதெல்லாம் இருபது வருடமாக நடப்பதுதான். சாயங்காலம் ஐந்து மணிக்குப் போர்த்துவது, காலை ஒன்பது மணிக்கு எடுப்பது. எடுக்காமல் விட்டால் வெளிச்சம் இல்லாமல் செடி வெளிறி அழுகும். அவர் இருந்தவரைக்கும் தொட்டிகளை வராண்டாவுக்குத் தூக்குவது அவர் வேலை, போர்த்துவது என் வேலை. அவர் போய் மூன்று பனிக்காலம் தனியாகச் சமாளித்துவிட்டேன்.

இந்த வருடம்தான் முடியாது. டிசம்பர் 12-ஆம் தேதி கோயம்புத்தூரில் எனக்கு முழங்கால் ஆபரேஷன். தம்பி, பதறாதே, வலது கால் ஒன்றுக்குத்தான். அதற்குப் பிறகு ஆறு வாரமாவது மகள் வீட்டில் இருக்க வேண்டும், மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் என்றால் சரியாக உறைபனியின் நட்ட நடு. "ஏம்மா, ரெண்டு சாக்குத்தானே, பக்கத்து வீட்ல சொல்லிட்டு வா" என்கிறாள் மகள். ஒரு நாள், இரண்டு நாள் என்றால் சொல்லலாம். தினமும் இரண்டு வேளை, நாற்பது நாளைக்கு எப்படிச் சொல்வது? அவர்களும் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு ஊருக்குப் போய்விடுவார்கள். வருடத்தில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய நாள் கிடையாது. நான் சொன்னால் மறுக்க மாட்டார்கள், அதனாலேயே சொல்லவில்லை.

அதனால்தான் டேலியாவை வெட்டினேன். வழக்கமாக முதல் உறைபனி விழுந்து இலை கறுக்கும் வரை விட்டுவைப்பேன். அப்புறம் அரை அடித் தண்டு விட்டு வெட்டி, கிழங்கைத் தோண்டி, நிழலில் மூன்று நாலு நாள் உலர்த்தி, மரத்தூளில் புதைத்து வைப்பேன். இப்போது அதை முன்கூட்டியே செய்தேன், அவ்வளவுதான். பூவோடு வெட்டியது மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. பதினேழு கொத்துக் கிழங்கு, மூன்று மரப்பெட்டியில் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. ஒவ்வொரு பெட்டியிலும் நிறத்தை எழுதிச் சீட்டு ஒட்டியிருக்கிறேன். டீச்சர் புத்தி.

பான்சியும் ஸ்நாப்டிராகனும் பனியைத் தாங்கும், அவற்றைப் பற்றிக் கவலை இல்லை. வாய்க்கால் ஓரத்து வெள்ளை லில்லி இலை மடங்கிப் படுத்துவிடும், மார்ச்சில் தானாக எழுந்துகொள்ளும். ஹைட்ரேஞ்சியாவில் காய்ந்த பூவை வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறேன், கீழே இருக்கும் மொக்குக்கு அது குடை.

பிகோனியாவைக் காப்பாற்ற வழியில்லை. இரண்டு தொட்டியை மட்டும் கோயம்புத்தூருக்கு எடுத்துப் போகிறேன். மகள் வீட்டு பால்கனி வெயிலில் என்ன ஆகுமோ தெரியாது. மற்ற ஒன்பதையும் விட்டுவிட்டேன். எழுதும்போது எளிதாகத்தான் இருக்கிறது.

ஃபுக்சியாதான் என்னைத் தூங்க விடவில்லை. நம் வகுப்புப் பிள்ளைகள் கம்மல் பூ என்பீர்களே, அதேதான். வாசல் பக்கத்தில் இருப்பது 1998-ல் அவர் நட்டது, இப்போது என் தோள் உயரம். தோண்டி எடுக்க முடியாது, தூக்கவும் முடியாது. அடியில் காய்ந்த இலையையும் தாகையையும் முழங்கால் உயரத்துக்குக் குவித்து, மேலே கல் வைத்திருக்கிறேன். மேற்கிளைகள் போனால் போகட்டும், வேரும் அடித்தண்டும் தப்பித்தால் போதும். நான் வரும்வரை கறுத்த குச்சியை யாரும் வெட்டக் கூடாது என்று வீட்டுச் சாவி வைத்திருக்கும் பையனிடம் இரண்டு முறை சொல்லிவிட்டேன். பிப்ரவரி கடைசியில் நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பார்க்க வேண்டும். பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது.

அது போய்விட்டாலும் அதன் வம்சம் இருக்கட்டும் என்று அக்டோபரிலேயே அதிலிருந்து குச்சி வெட்டி டீ கப்புகளில் நட்டு வைத்தேன். பூ வராத இளங்குச்சி, நாலு விரல் நீளம், மணலும் மக்கும் பாதிப் பாதி. இருபத்து நாலில் பத்தொன்பது வேர் பிடித்துவிட்டது. ஆறு குன்னூர் போயிற்று. அங்கே உயரம் குறைவு, எங்கள் பள்ளத்து அளவுக்குப் பனி இருக்காது. நாலு கோத்தகிரிக்கு. இரண்டை 2003 பேட்ச் மாணவி ஒருத்தி வந்து வாங்கிக்கொண்டு, "டீச்சர், செத்துப்போச்சுன்னா திட்டுவீங்களா?" என்றாள். மனக்கணக்குக்கு என்னிடம் வாங்கிய திட்டு இன்னும் மறக்கவில்லை போல.

ஏழு கப் மீதி இருக்கிறது. உதகை, கேத்தி, லவ்டேல் பக்கம் இருப்பவர்கள் இந்த ஞாயிறு பத்து மணிக்கு மேல் வந்தால் ஆளுக்கு ஒன்று தருகிறேன். ராத்திரி வீட்டுக்குள் வைக்க இடம் உள்ளவர்கள் மட்டும் வாருங்கள். அப்படியே வராண்டாவில் இருக்கும் ஜெரேனியம் தொட்டி நாலையும் உள்ளறை ஜன்னலோரம் நகர்த்திக் கொடுத்துவிட்டுப் போங்கள். காபி போட்டு வைக்கிறேன்.