செடி சிவந்த காரணம்

ஒரு மனிதருடைய முகம் திடீரென்று சிவந்து போனால் அதற்கு எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். கோபம் வந்திருக்கலாம், வெட்கம் வந்திருக்கலாம், வெயிலில் அலைந்துவிட்டு வந்திருக்கலாம். அல்லது, குழம்பில் கிடந்த பச்சை மிளகாயைக் கொத்தவரங்காய் என்று நம்பிக் கடித்திருக்கலாம். இன்ன காரணம் என்று விசாரியாமல், “ஐயோ, இவருக்கு ரத்தக் கொதிப்பு!” என்று தீர்மானித்து வாயில் மருந்தைப் புகட்டினால் என்ன ஆகும்? ஏறக்குறைய அப்படிப்பட்ட காரியம் ஒன்றை நான் செய்தேன். நல்ல வேளையாக மனிதர் யாருக்கும் செய்யவில்லை, செடிக்குச் செய்தேன். ஆனாலும் அந்தப் பாவம் இன்னும் மனத்தை உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது. வாசகர்களிடம் சொல்லிவிட்டால் பாரம் குறையும் என்று தோன்றுகிறது.

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு நானும் என் மனைவியும் புனா நகரத்தில் மகனுடன் வசித்து வருகிறோம். நான்காவது மாடியில் வீடு. தோட்டம் என்று சொல்லிக்கொள்ள, முன் அறைக்கு வெளியே ஐந்தடி அகலத்தில் ஒரு தாழ்வாரம். அங்கே ஒரு துளசியும் ஒரு கறிவேப்பிலையும் ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டு காலம் கழித்து வந்தன. இப்படியிருக்கையில், இரண்டு வருஷங்களுக்கு முன்பு டிசம்பர் மாதத்தில், குடும்பத்தோடு மகாபலேசுவரம் போனோம்.

மகாபலேசுவரம் சுமார் 4,500 அடி உயரத்தில், சதாரா ஜில்லாவில் இருக்கும் மலை ஊர். இந்தியாவில் விளையும் ஸ்ட்ராபெரிப் பழத்தில் பெரும்பகுதி இந்த மலையிலும், அடுத்துள்ள பஞ்சகனியிலுமே விளைகிறது. 2010-ஆம் ஆண்டில் இவ்வூர்ப் பழத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இரண்டு ஊர்களுக்கும் நடுவே பிலார் என்று ஒரு கிராமம். 2017-இல் அதைப் ‘புத்தகக் கிராமம்’ ஆக்கினார்கள். பல வீடுகளில் புத்தக அலமாரி. யார் வேண்டுமானாலும் உள்ளே போய் உட்கார்ந்து படிக்கலாம். வெளியே வந்தால் செம்மண் பாத்திகளில் ஸ்ட்ராபெரி. சரஸ்வதியும் லக்ஷ்மியும் ஒரே ஊரில் சண்டையின்றிக் குடித்தனம் செய்வதை அங்கேதான் பார்த்தேன்.

எட்டு வயதுப் பேத்தி அந்தச் செடிகளைக் கண்டதும் மயங்கிவிட்டாள். ஆறு செடிகள் வாங்கினோம். தோட்டக்காரர் வயது முதிர்ந்தவர். செடிகளை எப்படிக் காப்பாற்ற வேண்டும் என்று மராத்தியில் விஸ்தாரமாக உபதேசம் செய்தார். நான் பணிவுடன் தலையை ஆட்டினேன். அந்த உபதேசத்தில் எனக்குப் புரிந்தது, கடைசியில் அவர் சொன்ன விலை ஒன்றுதான்.

இந்தச் செடியின் பூர்வோத்தரம் வேடிக்கையானது. 1714-ஆம் ஆண்டில் பிரேஸியர் என்னும் பிரெஞ்சுக்காரர் தென் அமெரிக்காவிலுள்ள சிலி தேசத்திலிருந்து பெரிய பழம் தரும் ஸ்ட்ராபெரிச் செடிகளைத் தம் நாட்டுக்குக் கொண்டு போனார். வட அமெரிக்காவிலிருந்து வந்திருந்த வேறொரு ஸ்ட்ராபெரியும் அங்கே இருந்தது. பிரெஞ்சுத் தோட்டங்களில் இவ்விரண்டும் கலந்து பிறந்த குழந்தைதான் இன்று உலகமெங்கும் விளையும் ஸ்ட்ராபெரி. ஆக, இரண்டு அமெரிக்காக்களின் சம்பந்தத்தில் ஐரோப்பாவில் பிறந்த குளிர்தேசத்துச் செல்வம் அது. அதைத்தான் தக்காணத்து வெயிலில், துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் நடுவே கொண்டு வந்து வைத்தோம்.

பேத்தி நாள்தோறும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் செடிகளிடம் ஓடுவாள். ஜனவரி மாதத்தில் ஒரு நாள் அங்கிருந்தே குரல் கொடுத்தாள்.

“தாத்தா! செடிக்கு உடம்பு சரியில்லை போலிருக்கிறது. காலெல்லாம் சிவந்துவிட்டது!”

போய்ப் பார்த்தேன். வாஸ்தவம்தான். இலைக் காம்புகள் குங்குமம் தடவினாற்போல் இருந்தன. அடியிலிருந்த இரண்டு மூன்று இலைகளின் ஓரமும் சிவந்திருந்தது. செடியிலிருந்து கொடிபோல் நீண்டு தொங்கிய ஓடு தண்டுகள், வெயில் படும் பக்கம் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தன.

மகன் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டு, சத்துக் குறைவு, குளிர், பூஞ்சை, சிலந்திப் பூச்சி, வேர் அழுகல், வயோதிகம் என்று ஒரு பட்டியல் வாசித்தான். என் மனைவி, “செடி தன்பாட்டுக்கு நன்றாகத்தானே தளிர் விடுகிறது? நீங்கள் ஒன்றும் செய்யாமல் சும்மா இருங்கள்” என்றாள். அன்று பேசப்பட்ட வார்த்தைகளில் அறிவுள்ளது அது ஒன்றே. ஆனால் முப்பத்தைந்து வருஷம் பிறருடைய கணக்குகளில் தவறு கண்டுபிடித்தவன் சும்மா இருப்பது எப்படி? பட்டியலில் முதலாவதாக இருந்த சத்துக் குறைவையே காரணம் என்று தீர்மானித்துவிட்டேன்.

கடைக்குப் போய் யூரியா வாங்கி வந்தேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஏக்கர் கணக்கில் நிலம் வைத்திருப்பவர்கள் அளந்து தூவுகிற சரக்கு அது. நான் இரண்டு தொட்டிகளில் ஆளுக்கு ஒரு பிடி வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். மற்ற நான்குக்கும் மறுநாள் உபசாரம் செய்வதாக உத்தேசம்.

மறுநாளே அந்த இரண்டு செடிகளின் இலை ஓரங்கள் தீயில் காட்டியது போல் கருகின. மூன்றாம் நாள் அவை துவண்டு படுத்தன. பிறகு எழுந்திருக்கவில்லை. மண்ணில் உப்பு மிகுந்தால் வேர் தண்ணீரை உறிஞ்ச முடியாமல் தவிக்கும். ஸ்ட்ராபெரியோ உப்புக்கு மிகவும் பயந்த செடி. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது.

பேத்தி அழுதாள். “ஏன் தாத்தா செத்துப் போயிற்று?” என்று கேட்டாள்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? “குளிர் தாங்கவில்லை, அம்மா” என்றேன்.

அவள் அதைப் பூரணமாக நம்பினாள். அன்றிரவு படுக்கப் போகும் முன் தாழ்வாரத்தை எட்டிப் பார்த்தேன். மிச்சமிருந்த நான்கு தொட்டிகளையும் ஒன்றாகச் சேர்த்து, தன்னுடைய கம்பளிச் சால்வையைச் சுற்றி வைத்திருந்தாள் குழந்தை. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

பிப்ரவரியில், வேறு ஒரு காரியத்தைச் சாக்காக வைத்துக்கொண்டு, பேத்தியையும் அழைத்துக்கொண்டு மறுபடியும் பிலாருக்குப் போனேன். சிவந்த இலை ஒன்றும் பச்சை இலை ஒன்றும் கையில் கொண்டு போயிருந்தேன். அதே பெரியவர் இருந்தார். பேத்தி மராத்தியைத் தண்ணீர்பட்ட பாடாகப் பேசுவாள். ஆகையால் அவளே துபாஷி.

பெரியவர் சிவந்த இலையை வாங்கிப் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“இது கிழ இலையா, புது இலையா என்று கேட்கிறார், தாத்தா.”

கிழ இலை என்றேன். அவர் சிரித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். அவர் சொன்னதையும், பிறகு புத்தகங்களில் நான் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

இலை பச்சையாக இருப்பதற்குக் காரணம் பச்சையம். அதற்கு அடியில் வேறு நிறங்களும் ஒளிந்திருக்கலாம், புதிதாகவும் உண்டாகலாம். சிவப்பும் ஊதாவும் தருவது ஆந்தோசயனின் என்னும் சாயம். ஸ்ட்ராபெரிப் பழத்தைச் சிவக்க வைப்பதும் இந்தக் குலத்துச் சாயமே. மாந்தளிர் மேனி என்று நம் புலவர்கள் கொண்டாடினார்களே, அந்தத் தாமிர நிறத்தைத் தருவதும் இதுதான்.

குளிர் காலத்தில் பகலில் நல்ல வெயில் அடிக்கிறது. இலை சர்க்கரையைச் சமைத்துக்கொண்டே இருக்கிறது. இரவில் குளிர் வந்து வளர்ச்சியை மந்தப்படுத்துகிறது. சமைத்ததைச் செலவழிக்க ஆள் இல்லை. தேங்கிய சர்க்கரை ஆந்தோசயனின் உண்டாவதைத் தூண்டுகிறது. அந்தச் சாயம் மிதமிஞ்சிய வெயிலிலிருந்து இலையைக் காக்கும் குடையாகவும் உதவுகிறது. வெயில் படும் பக்கம் மட்டும் தண்டு சிவந்திருந்தது இதனால்தான். அடியிலுள்ள கிழ இலைகளோ, பச்சையம் குறைந்து, சிவந்து, உதிர்வதற்கு ஆயத்தமாகின்றன. இவை வியாதியே அல்ல. குளிர்ந்த மண்ணில் மணிச்சத்தை வேர் சரியாக எடுக்க முடியாமலும் சில சமயம் இலை ஊதா படரும்; மண் சூடேறியதும் பெரும்பாலும் தானே தெளிந்துவிடும்.

பசியினால் நிறம் மாறுவதும் உண்டு. அதற்குத்தான் ‘கிழமா, புதிதா’ என்ற கேள்வி. தழைச்சத்துப் போதாவிட்டால், மூத்த இலை தன்னிடம் உள்ளதை இளந்தளிருக்கு அனுப்பிவிட்டுத் தான் வெளிறிப் பழுத்துச் சிவக்கிறது. வீட்டில் சோறு போதாதபோது தாய் தன் பங்கைக் குழந்தைகளுக்குப் போட்டுவிட்டு, “எனக்குப் பசியில்லை” என்று சொல்வதில்லையா? அதுபோலத்தான். அப்போது தளிர்களும் சிறுத்து, செடி முழுவதுமே வளராமல் நிற்கும். இரும்புச்சத்து விஷயம் வேறு. கிழ இலைக்குள் போன இரும்பு அங்கேயே தங்கிவிடும். வேண்டுமென்றாலும் தளிருக்குக் கொடுக்க முடியாது. ஆகையால் இரும்பு குறைந்தால் புது இலைதான் முதலில் மஞ்சளாகும். நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும்.

இலையில் ஊதாப் புள்ளிகளும் அவற்றின் நடுவே வெள்ளைக் கண்ணும் இருந்தால் அது பூஞ்சை; அந்த இலைகளைக் கிள்ளி அகற்ற வேண்டும். இலை வெண்கல நிறமாகி அடிப்புறத்தில் மெல்லிய வலை தெரிந்தால் சிலந்திப் பூச்சி. மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடிச் சிவந்தால், வேர் அழுகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் சொல்லிவிட்டுப் பெரியவர், “ஆறு செடி கொண்டு போனீர்களே, எல்லாம் சௌக்கியமா?” என்று விசாரித்தார்.

பேத்தி, இரண்டு செடிகள் குளிரில் செத்துப் போய்விட்டன என்று சொன்னாள்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். ஏதோ கேட்டார். பேத்தி என் பக்கம் திரும்பினாள்.

“தாத்தா, குளிரில் இந்தச் செடி சாகாதாம். அதற்குக் குளிர்தான் பிடிக்குமாம். நீங்கள் என்ன போட்டீர்கள் என்று கேட்கிறார்.”

தப்புவதற்கு வழியில்லை. நான் எந்தப் பதிலைச் சொன்னாலும் அந்தக் குழந்தையின் வாய் வழியாகத்தான் போக வேண்டும். என் பொய்யை அவளைக் கொண்டே மொழிபெயர்க்கச் செய்வதா?

“யூரியா போட்டேன், அம்மா. ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடி. செடியைக் கொன்றது குளிர் இல்லை, நான்தான். உன்னிடம் பொய் சொல்லிவிட்டேன்” என்றேன்.

அவள் சற்று நேரம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரிடம் திரும்பி மராத்தியில் சொன்னாள். ஒரு வார்த்தையையும் குறைக்கவில்லை, கூட்டவுமில்லை என்று அவர் என்னைப் பார்த்த பார்வையிலிருந்து தெரிந்துகொண்டேன். திரும்பி வரும் வழியில் வாய் என்ற ஊர் தாண்டும் வரையில் அவள் என்னோடு பேசவில்லை. அப்புறம், “அப்படியானால் சால்வை வேண்டியதில்லை, இல்லையா தாத்தா?” என்றாள். வேண்டியதில்லை என்றேன். அவ்வளவுதான், மன்னிப்பு கிடைத்துவிட்டது.

நிற்க. மார்ச் மாதத்தில் செடிகளுக்கு மறுபடியும் ஒரு மாறுதல் வந்தது. இம்முறை மஞ்சள். பழைய காவியங்களில் தலைவனைப் பிரிந்த தலைவிக்குப் பசலை படர்ந்தது என்பார்களே, அப்படி ஒரு வெளிறல். நான் வாயைத் திறக்கவில்லை. பேத்தி குனிந்து பார்த்துவிட்டுச் சொன்னாள்:

“புது இலை, தாத்தா. நரம்பு மட்டும் பச்சை. இரும்புதான்!”

அவள் சொன்னது சரி. விசாரித்ததில், கோடை வந்ததும் வேலைக்காரி சௌகரியத்துக்காக ஆழ்குழாய்க் கிணற்று நீரைச் செடிகளுக்கு ஊற்றி வந்தது தெரிந்தது. அந்த நீர் கெட்டியானது, சுண்ணாம்பு மிகுந்தது. ஸ்ட்ராபெரிக்குச் சற்றே புளிப்பான மண் வேண்டும். காரத்தன்மை ஏறினால் மண்ணில் இரும்பு இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாது. சாப்பாடு எதிரே இருக்கிறது. கை கட்டிப் போட்டிருக்கிறது. மறுபடியும் நகரசபைக் குழாய் நீரையே ஊற்றினோம். வேருக்கு எட்டும் பக்குவத்தில் கடையில் விற்கும் இரும்புச் சத்தையும், பொட்டலத்தில் போட்டிருந்த அளவுக்கு ஒரு துளிகூட மிஞ்சாமல் கரைத்து விட்டோம். அளந்தது பேத்தி. நான் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்த்தேன். சில வாரங்களில் புதிதாக வந்த தளிர்கள் பச்சையாகவே வந்தன.

நான்கு செடிகளிலுமாகச் சேர்த்து ஒன்பது பழங்கள் கிடைத்தன. கணக்கு எழுதியவன் நானாகையால் தவறு இராது.

வாசகர்கள் வீட்டிலும் ஏதேனும் செடியின் தண்டோ இலையோ நிறம் மாறினால், எந்த இலை, எந்தப் பக்கம், எந்தப் பருவம் என்று இரண்டு நாள் நிதானமாகப் பாருங்கள். பெரும்பாலும் அதற்குள்ளேயே காரணம் தெரிந்துவிடும். அதற்கும் முன்னதாக, யூரியாப் பை எதுவும் வீட்டில் இருந்தால், தாத்தாமார்களுடைய கைக்கு எட்டாத உயரத்தில் எடுத்து வைத்துவிடுங்கள்.