வேகமும் வெட்கமும்

டில்லியில் கோடை வெயில் 44 டிகிரியைத் தொட்ட பிற்பகல் அது. என் அறையில் உடன் தங்கியிருந்த ஆய்வு மாணவர், எனக்கு அண்ணன் போன்றவர், என் கணிப்பொறியில் ஒரு நீண்ட கணக்கை ஓடவிட்டிருந்தார். ஆறாவது மணி நேரத்தில் பொறி பட்டென்று அணைந்தது. அத்தனை உழைப்பும் வீண்!

“விடுதி மின்சாரம் சரியில்லை, அண்ணா” என்றேன்.

நண்பர்களே, உண்மை எனக்குத் தெரியும். 3.5 கிகாஹெர்ட்ஸ் வேகத்துக்கென அமைந்த செயலியைப் பெருமைக்காக 4.4 வரை முடுக்கியிருந்தேன். அதற்காக மின்னழுத்தத்தையும் கூட்டியிருந்தேன். மின்னழுத்தம் 10 விழுக்காடு ஏறினால், செயலி உண்ணும் மின்திறன் ஏறத்தாழ 21 விழுக்காடு ஏறும். வேகம் கூடுவதால் ஏறுவது வேறு. அவ்வளவும் வெப்பமாகத்தானே வெளிவர வேண்டும்?

ஆயினும் அதைத் தவிர மற்றவற்றையெல்லாம் சோதித்தேன். மின்கம்பியை மாற்றினேன்; அணைந்தது. தூசியைத் துடைத்தேன், அணைந்தது. நினைவகத்தைச் சோதித்தேன், பிழையில்லை. கடைசியில், மனமின்றி, வேகத்தையும் மின்னழுத்தத்தையும் பழைய அளவுக்கு இறக்கினேன். விடியும்வரை பொறி ஓடியது.

காலையில் அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். அவர் சிரித்தார்.

“அன்று தலைக்கு மேலே மின்விசிறி நிற்கவில்லையே, தம்பி!”

பொறியின் சூடு தணிந்துவிட்டது. என் முகத்தின் சூடு தணிய நெடுநேரமாயிற்று.