பெர்பெத்துவாவின் தந்தை

தொடக்கக் காலக் கிறித்தவ எழுத்துக்களுக்குள் நுழைகிறவர்களில் பலர் அகஸ்தீனின் வழியாகவே வருகிறார்கள். நானும் அப்படி வந்தவன்தான். இறையியல் பயின்றவனல்லன்; நம்பிக்கையாளனும் அல்லன். பழைய உரைநடையின்மேல் உள்ள ஆசை மட்டுமே எனக்கிருந்த தகுதி. மார்ச் 7ஆம் நாள் இரு பெண்களின் நினைவாக அகஸ்தீன் ஆற்றிய மறையுரைகள் சில கிடைக்கின்றன. பெர்பெத்துவா, பெலிசித்தா என்ற பெயர்களைச் சேர்த்தால் இலத்தீனில் 'நிலைத்த பேரின்பம்' என்று பொருள் வருகிறது. அதை வைத்து அவர் சற்று அதிகமாகவே சொல்விளையாட்டு ஆடுகிறார். இப்படி விளையாடும் அளவுக்கு மக்கள் அறிந்திருந்த கதை எதுவாக இருக்கும் என்று தேடிப் போனபோதுதான் அந்தச் சிறைக்குறிப்பு கைக்கு வந்தது.

கி.பி. 203. இன்றைய துனீசியாவில் உள்ள கார்த்தேஜ். விபியா பெர்பெத்துவா நற்குடியில் பிறந்தவள், கல்வி பெற்றவள், மணமானவள், வயது ஏறத்தாழ 22. கைக்குழந்தை ஒன்று, இன்னும் பால்குடி மறக்காதது. திருமுழுக்குக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்த சிலரோடு அவளும் கைதாகிறாள். பெலிசித்தா என்ற அடிமைப்பெண் எட்டு மாதக் கர்ப்பிணி. இளவரசன் கெத்தாவின் பிறந்தநாள் விளையாட்டுகளில் இவர்கள் விலங்குகளுக்கு முன் விடப்பட்டுக் கொல்லப்பட்டனர்.

நூல் மிகச் சிறியது, 21 இயல்கள்தாம். இலத்தீன் வடிவம் மோந்தே கசீனோ மடத்துச் சுவடியிலிருந்து 17ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. கிரேக்க வடிவத்தை 1889இல் எருசலேமில் ரெண்டல் ஹாரிஸ் கண்டெடுத்தார். முன்னுரையும் சாவின் வருணனையும் பெயர் தெரியாத ஒரு தொகுப்பாளருடையவை. சத்தூருஸ் என்ற தோழரின் காட்சி ஒன்றும் உண்டு. மூன்றாம் இயலிலிருந்து பத்தாம் இயல் வரை பெர்பெத்துவா தானே எழுதியதாகத் தொகுப்பாளர் சொல்கிறார். அவள் எழுதியதுதானா என்ற ஐயம் ஆய்வாளர்களிடையே இன்றும் தீரவில்லை. 'நான்' என்று எழுதுவதும் ஓர் இலக்கிய உத்தியாகலாம் என்பவர்கள் இருக்கிறார்கள். என் வாசிப்பில் இது அவள் குரலே. இந்த எட்டு இயல்களின் இலத்தீன் தொகுப்பாளரின் இலத்தீனல்ல. இங்கே அலங்காரம் இல்லை. சிறு சிறு வாக்கியங்கள், 'பிறகு', 'பிறகு' என்று கோத்துச் செல்வது போல. எரிஹ் அவுர்பாஹ் கிறித்தவம் கொண்டுவந்த 'தாழ்ந்த நடை'யைப் பற்றி எழுதும்போது இப்பிரதியிடம் வந்து நின்றதில் வியப்பில்லை.

அவள் எதை எழுதுகிறாள் என்பதைப் பாருங்கள். சிறையின் இருட்டு. நெரிசலால் வந்த வெக்கை. பசியால் சோர்ந்த குழந்தை. திருத்தொண்டர் இருவர் காவலருக்குக் கையூட்டுக் கொடுத்து, சில மணி நேரம் நல்ல இடத்தில் இருக்க ஏற்பாடு செய்கிறார்கள். அங்கே அமர்ந்து பாலூட்டுகிறாள். குழந்தையைத் தன்னோடு வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்ததும் சிறையே மாளிகையாகிவிட்டது என்கிறாள். தண்டனைக்குப் பிறகு தந்தை குழந்தையைத் தர மறுத்துவிடுகிறார். அப்போது குழந்தை பால் கேட்கவில்லை, தன் மார்பும் கட்டிக்கொள்ளவில்லை என்று குறித்துவைக்கிறாள். இறையருளுக்குச் சான்றாக ஒருத்தி காட்டுவது பால் கட்டாததை! கையூட்டு முதல் பால்கட்டு வரை இத்தனையையும் புனைந்து வைக்க, அன்றைய எந்த ஆணுக்குத் தோன்றியிருக்கும்?

ஆனால் என்னைத் தொடர்ந்து அலைக்கழிப்பவர் அவளுடைய தந்தை. இதைச் சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. இந்நூலை அவருக்காக வாசிப்பவர்கள் குறைவு. நான்கு முறை வருகிறார். முதல் முறை அவள் ஒரு குடத்தைக் காட்டி, இதைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் சொல்ல முடியுமா என்று கேட்கிறாள். தானும் அப்படியே, கிறித்தவள் என்பதன்றி வேறொன்றும் சொல்லிக்கொள்ள முடியாது என்கிறாள். அவர் கண்ணைப் பிடுங்க வருபவர்போல் பாய்ந்து, ஒன்றும் செய்ய இயலாமல் திரும்புகிறார். இரண்டாம் முறை தன் நரைத்த தலையைப் பாரென்கிறார். உடன்பிறந்தவர்கள் எல்லாரையும்விட உன்னையே மேலாக வைத்தேன் என்கிறார். கைகளை முத்தமிட்டுக் காலில் விழுகிறார். மகளே என்று அழைப்பதை விட்டுத் 'தோமினா' என்று அழைத்தார் என அவள் எழுதுகிறாள்.

இந்த இடத்தைத் தமிழில் எப்படிச் சொல்வது? தோமினா என்பது அடிமை தன் எசமானியை அழைக்கும் சொல். மதிப்புக்குரிய பெண்ணையும் அப்படி அழைப்பதுண்டு. 'அம்மா' என்று வைக்கலாமென்றால், பெற்ற மகளைப் பிறந்த நாளிலிருந்தே 'அம்மா' என்று அழைப்பவர்கள் நாம். ரோமானியத் தகப்பனுக்கு உலகமே தலைகீழாகப் புரண்டால்தான் வாயில் வருகிற சொல், நம் வீடுகளில் காப்பி கேட்கும்போதே வந்துவிடுகிறது. 'எசமானி' என்றால் நாடகம் போலாகிவிடும். இன்னும் சொல் கிடைக்கவில்லை.

என் மகளுக்கும் இப்போது வயது 22. சென்ற ஆண்டு அவள் எடுத்த ஒரு முடிவை மாற்ற நானும் மூன்று முறை இரவுப் பேருந்தேறிப் போனேன். அது என்ன முடிவு என்பது அவளுடைய சொந்த விஷயம், இங்கே எழுதுவதற்கில்லை. நானும் நரையைச் சொன்னேன், அவள் அம்மாவின் உடல்நிலையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்றாள். பெர்பெத்துவாவின் தந்தை பேசுகிற வாதங்களில் எதுவும் தாழ்ந்ததல்ல என்பதை அந்தப் பேருந்தில் இருந்தபடி உணர்ந்தேன். அவை உலகத்துத் தகப்பன்களிடம் உள்ள மொத்தக் கையிருப்பு.

மூன்றாம் முறை நீதிமன்றத்தில், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறார். இறந்துபோன ஆளுநரின் இடத்தில் அமர்ந்திருந்த ஹிலாரியானுஸ், கிழவரைக் கீழே தள்ளிப் பிரம்பால் அடிக்கச் சொல்கிறான். அந்த அடி தன்மேல் விழுந்ததைப் போல நொந்தேன் என்று எழுதுகிறாள் மகள். மறுதலிக்கவும் இல்லை, மனம் கல்லாகவும் இல்லை. நான்காம் முறை தாடியைப் பிய்த்துக்கொண்டு தரையில் முகங்குப்புற விழுகிறார்.

அவள் கண்ட காட்சிகளில் ஒன்றில், ஆயுதங்கள் செறிந்த வெண்கல ஏணியின் உச்சியில் ஒரு தோட்டம். அங்கே நரைத்த முடியுடைய நெடிய மனிதர் ஆயர் கோலத்தில் அமர்ந்து பால் கறக்கிறார். வரவேற்று ஒரு வாய் தயிர்க்கட்டி தருகிறார். ரோமின் பிரிசில்லா நிலவறைக் கல்லறையில் தீட்டப்பட்ட நல்லாயன் மீசை முளைக்காத இளைஞன். தோளில் ஆட்டைச் சுமக்கும் அந்த இளமை அக்கால ஓவியங்களில் மீண்டும் மீண்டும் வருவது. இவளுடைய ஆயருக்கு மட்டும் தலை ஏன் நரைத்திருக்கிறது? இறைநூல் உருவங்களைக் காட்டி ஆய்வாளர்கள் விளக்குவார்கள். சிறைக்கு வந்து நரையைக் காட்டிப் போனவர் இன்னொருவர் உண்டு என்பதை நான் மறக்க முடியாதவனாக இருக்கிறேன்.

தொகுப்பாளர் எழுதும் முடிவுப் பகுதி எனக்கு உவப்பானதல்ல. மூர்க்கமான பசு தூக்கியெறிய, விழுந்தவள் கிழிந்த ஆடையை இழுத்துத் தொடையை மறைக்கிறாளாம், கூந்தலைச் சரிசெய்கிறாளாம். பால்கட்டைப் பற்றி எழுதியவள் இவளல்லள். ராவென்னாவின் சாந்த் அப்பொல்லினாரே நுவோவோ ஆலயத்தில், 6ஆம் நூற்றாண்டு மொசைக்கில், பொன்னாடை அணிந்து வரிசையாக நடக்கும் கன்னியரிடையே அவளையும் சேர்த்துவிட்டார்கள். பெயரை வாசிக்காமல் யார் யாரென்று சொல்ல இயலாது. பிள்ளை பெற்றவளைக் கன்னியர் வரிசையில் நிறுத்தியதை அங்கே யாரும் பொருட்படுத்தியதாகத் தெரியவில்லை.

அவள் எழுத்தில் பெயர் சொல்லப்படும் உறவினன் ஒருவனே: முகத்தில் புற்று வந்து ஏழு வயதில் இறந்த தம்பி தினோகிராதெஸ். கனவில் அவன் தாகத்தோடு, எட்டாத உயரத்தில் விளிம்புள்ள நீர்த்தொட்டியருகே நிற்கிறான். அவள் மன்றாடுகிறாள், அடுத்த கனவில் விளிம்பு தாழ்ந்திருக்க, குடித்துவிட்டு விளையாடப் போகிறான். இருநூறு ஆண்டுகளுக்குப் பின், திருமுழுக்குப் பெறாத குழந்தைக்கும் மீட்புண்டு என்பதற்கு ஒருவர் இதைச் சான்றாகக் காட்டியபோது அகஸ்தீன் மறுத்தார். நூல் திருமறையைச் சேர்ந்ததல்ல என்றார்; சிறுவன் திருமுழுக்குப் பெற்றிருக்கலாம், பின் தந்தையே அவனைச் சிலைவழிபாட்டுக்கு இழுத்திருக்கலாம் என்றார். அங்கும் பழி கிழவர் மேலேயே விழுந்தது.

கணவன் எங்கே என்று அவள் ஒரு சொல்லும் எழுதவில்லை. தந்தைக்கும் பெயர் இல்லை, குழந்தைக்கும் இல்லை. விளையாட்டுக்கு முந்தின நாளோடு, மேற்கொண்டு நடப்பதை விரும்புகிறவர் எழுதட்டும் என்ற பொருளில் சொல்லி நிறுத்திவிடுகிறாள். தொகுப்பாளர் அரங்கத்தை எழுதினார். பெலிசித்தாவின் மகளை ஒரு சகோதரி வளர்த்தாள் என்பதையும் எழுதினார். பேரனைத் தூக்கிக்கொண்டு போன கிழவரைப் பற்றி எவரும் எழுதவில்லை.