டிக்கியைத் திட்டினார்கள், இன்ஜினைக் கொண்டாடினார்கள்

ஒரு காரின் டிக்கி மூடிக்காக உலகம் முழுக்க ஆட்கள் சண்டை போட்டார்கள், அதை வரையச் சொன்னவரை வேலையை விட்டே தூக்கச் சொல்லி ஆயிரக்கணக்கில் கையெழுத்து வாங்கினார்கள் என்றால் நம்புவீர்களா? நடந்தது மக்களே. 2001 செப்டம்பரில் ஃபிராங்ஃபர்ட் மோட்டார் ஷோவில் பி.எம்.டபிள்யூ. தன்னுடைய புதிய 7 சீரிஸைத் திரை விலக்கிக் காட்டியது. கம்பெனிக்குள் அதன் பெயர் இ65. கார் பைத்தியங்களிடம் இன்றைக்கும் இந்தப் பெயரைச் சொன்னால் போதும், அரை மணி நேரம் உங்களை விட மாட்டார்கள்.

கோபம் ஏன் என்று புரிய வேண்டுமானால் அதற்கு முந்தைய 7 சீரிஸைப் பார்க்க வேண்டும். 1994ல் வந்த இ38. தாழ்வாக, நீளமாக, ஒரு தேவையில்லாத கோடு கூட இல்லாமல் இருக்கும். 1997ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் பின் சீட்டில் படுத்துக்கொண்டு செல்போனாலேயே ஓட்டுவாரே, அந்தக் கார்தான். நன்றாகத் தைத்த கோட் போட்ட மனிதர் மாதிரி இருக்கும். யாரும் அதில் குறை சொன்னதாகத் தெரியவில்லை. சொல்லப்போனால் குறை சொல்ல இடமில்லாததுதான் அடுத்து வந்தவருக்குப் பெரிய பிரச்சினை.

அடுத்து வந்த இ65 எப்படி இருந்தது? முதலில் உயரம். பழையதை விட 5 சென்டிமீட்டருக்கு மேல் கூடிவிட்டது. உள்ளே உட்காருபவருக்கு அது வரப்பிரசாதம், வெளியே நின்று பார்ப்பவருக்குக் கார் குண்டாகிவிட்டது. முன்விளக்குக்கு மேலே இண்டிகேட்டரை வைத்தார்கள். அது கண்ணுக்கு மேல் புருவம் போல, தூக்கம் போதாத முகம் போல இருந்தது. அப்புறம் பின்பக்கம். பக்கவாட்டில் ஓடி வரும் கோடு டிக்கிக்குள் போய் முடியாமல் அங்கேயே நின்றுவிடும். அதன் மேல் டிக்கி மூடி தனியாக, வேறு காரிலிருந்து எடுத்து வைத்தது மாதிரி உட்கார்ந்திருக்கும். டிபன் பாக்ஸுக்கு அளவு தப்பிய மூடி போட்டால் எப்படியிருக்கும், அப்படி.

அந்தப் பின்பக்கத்துக்கு வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிளின் பெயரையே வைத்துக் கேலி செய்தார்கள். 'பேங்கிளின் பிருஷ்டம்' என்று தோராயமாகத் தமிழ்ப்படுத்தலாம் (இதற்கு மேல் நாகரிகமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை!). பேங்கிள் அமெரிக்கர். ஓப்பலிலும் ஃபியட்டிலும் வேலை பார்த்துவிட்டு 1992ல் பி.எம்.டபிள்யூ.வுக்கு வந்தவர். ஜெர்மன் கம்பெனிக்கு ஒரு அமெரிக்கர் தலைமை டிசைனர் என்பதே சிலருக்கு ஜீரணமாகவில்லை. வேடிக்கை என்னவென்றால் இந்தக் காரின் வெளித்தோற்றத்தை வரைந்தவர் பேங்கிள் இல்லை. ஏட்ரியன் வான் ஹூய்டொங்க் என்ற டச்சுக்காரர். 1999லேயே இசட்9 என்ற மாதிரிக் காரில் இதே டிக்கியைக் காட்டி முன்னோட்டம் பார்த்துவிட்டார்கள். மாதிரிக் கார் என்றால் யாரும் கோபப்படுவதில்லை, நம் வீட்டு வாசலுக்கு வராத மாப்பிள்ளை எப்படி இருந்தால் நமக்கென்ன. திட்டு முழுவதும் தலைவருக்கு வந்தது. தலைவர் பதவி என்றால் அதுவும் சேர்த்துத்தான் சம்பளம்.

வெளியே திட்டியவர்கள் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து இன்னும் சத்தமாகத் திட்டினார்கள். தரையில் கியர் கம்பி இல்லை, ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு சின்னக் குச்சி. சாவியைத் திருக முடியாது, ஓட்டையில் செருகிவிட்டுப் பொத்தானை அழுத்த வேண்டும். ஹேண்ட் பிரேக்கும் பொத்தான். நடுவில் ஒரு உருண்டைக் குமிழ், அதன் பெயர் ஐடிரைவ். பாட்டு, ஏசி, வழிகாட்டி என்று பலதையும் அந்தக் குமிழைத் திருகி, தள்ளி, அமுக்கித் திரையில் தேட வேண்டும். இந்த விஷயத்தில் திட்டியவர்கள் பக்கம்தான் நான். முதல் ஐடிரைவ் உண்மையிலேயே கஷ்டமானது. ஓடும் காரில் ரேடியோ ஸ்டேஷன் மாற்றுவதற்குப் படிக்கட்டு படிக்கட்டாக மெனுவுக்குள் இறங்குவதெல்லாம் என்ன நியாயம்? 2007ல் டைம் பத்திரிகையில் வந்த, எல்லாக் காலத்துக்குமான 50 மோசமான கார்களின் பட்டியலில் இந்தக் காருக்கும் ஓர் இடம் கிடைத்தது. ஆனால் அந்தக் குமிழ் சாகவில்லை. ஆடியும் மெர்சிடஸும் தங்கள் தங்கள் குமிழோடு வந்தார்கள்.

சரி, இன்ஜினுக்கு வருவோம். எனக்குப் பிடித்த இடம் இதுதான்.

திட்டிய அதே வாய்கள் பானெட்டைத் திறந்ததும் கை கூப்பின. என்62 என்ற புது வி8. 745ஐ-யில் 4.4 லிட்டர், 333 குதிரைத் திறன். முந்தைய 740ஐ-யும் 4.4 லிட்டர்தான், ஆனால் 286 மட்டுமே. அதே கொள்ளளவில் 47 குதிரை எங்கிருந்து கூடுதலாக வந்தது? டர்போ கிடையாது. மூச்சு விடும் விதத்தை மாற்றினார்கள், அவ்வளவுதான்.

சாதாரண பெட்ரோல் இன்ஜினில் காற்று போகும் வழியில் ஒரு தகட்டுக் கதவு இருக்கும், த்ராட்டில் என்போம். ஆக்சிலேட்டரை மிதித்தால் திறக்கும், விட்டால் மூடும். டிராஃபிக்கில் மெதுவாகப் போகும்போது இந்தக் கதவு கிட்டத்தட்ட மூடியே இருக்கும். ஆனால் உள்ளே பிஸ்டன் காற்றை இழுத்துக்கொண்டே இருக்கும். மூக்கைப் பாதி பொத்திக்கொண்டு மூச்சு இழுத்துப் பாருங்கள். அந்தச் சிரமத்துக்கும் பெட்ரோல் செலவாகிறது. பி.எம்.டபிள்யூ. செய்தது, காற்றின் அளவைக் கதவிடமிருந்து பிடுங்கி வால்விடமே கொடுத்தது. காற்று உள்ளே வரும் வால்வு எவ்வளவு தூரம் திறக்க வேண்டும் என்பதை ஒரு சின்ன மின் மோட்டார் தீர்மானிக்கும். மெதுவாகப் போகும்போது 0.3 மில்லிமீட்டர், முழு வேகத்தில் 9 மில்லிமீட்டருக்கு மேல். வால்வெட்ரானிக் என்று பெயர். 2001ல் முதலில் ஒரு சின்ன 3 சீரிஸ் காரில் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்து இந்த வி8-ல் கொண்டு வந்தார்கள். கூடவே, காற்று வரும் குழாயின் நீளத்தையே வேகத்துக்குத் தகுந்தபடி விடாமல் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு. உலகத்திலேயே இதுதான் முதல். அதோடு ஆறு கியர் ஆட்டோமேடிக், அதுவும் விற்பனைக்கு வந்த கார்களில் முதல் முறை. 2002ல் சர்வதேச அளவில் அந்த ஆண்டின் சிறந்த இன்ஜின் விருது என்62-க்குத்தான்.

ஆக 2002ல் தீர்ப்பு இப்படி: முகம் கோரம், இதயம் தங்கம்.

இருபது வருஷத்துக்கும் மேல் ஆகிவிட்டது. இப்போது அந்தத் தீர்ப்பு அப்படியே தலைகீழாக நிற்கிறது. அதற்காகத்தான் இந்தப் பதிவே. என் நண்பனின் அண்ணன் ஒருவர் 2007 மாடல் 750 ஒன்றுக்கு வந்த விளம்பரத்தைக் காட்டினார். புது ஹேட்ச்பேக் விலையை விடக் கம்மி. "டேய், அவார்டு வாங்கின இன்ஜின்டா, டிக்கி கொஞ்சம் சுமார்தான், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். நான் சொன்னேன், "அண்ணே, டிக்கி உங்களை ஒண்ணும் பண்ணாது. அந்த இன்ஜின்தான் உங்களைத் தெருவுல நிறுத்தும்."

ஏன் அப்படிச் சொன்னேன்? என்62-க்கு வயதானால் வரும் வியாதிகள் மெக்கானிக்குகள் எல்லோருக்கும் மனப்பாடம். முதலாவது வால்வு ஸ்டெம் சீல். சூட்டில் ரப்பர் இறுகிப்போகும். சிக்னலில் ரெண்டு மூன்று நிமிடம் நின்றுவிட்டுக் கிளம்பினால் பின்னாடி வருகிறவர் கொசு மருந்து வண்டி என்று நினைக்கிற அளவுக்கு நீலப் புகை. இரண்டாவது, வி வடிவத்தின் நடுப் பள்ளத்தில் கூலன்ட் போகும் ஒரு குழாய். அதன் நுனியில் இருக்கும் சீல் கசியும். சீலின் விலை ஒன்றும் பெரிதில்லை. ஆனால் கம்பெனி முறைப்படி அந்தக் குழாயை எடுக்க இன்ஜினின் முன்பக்கத்தையே பிரிக்க வேண்டும். இதற்காகவே வெளி ஆட்கள் சிலர் பழைய குழாயை உள்ளேயே வெட்டி எடுத்துவிட்டு, நீட்டிச் சுருக்கக்கூடிய புதுக் குழாயைச் செருகும் வழி கண்டுபிடித்தார்கள். அவர்களுக்கு யாரும் விருது கொடுக்கவில்லை. மூன்றாவது, ஆல்டர்னேட்டர் தாங்கியில் ஆயில் ஒழுக்கு. போதுமா, இன்னும் வேண்டுமா?

அண்ணன் கேட்ட கேள்வி நியாயமானது. இவ்வளவு குறை உள்ள இன்ஜினுக்கு எப்படி விருது கொடுத்தார்கள்? கொடுத்தவர்கள் மேல் தப்பில்லை. புது இன்ஜினை ஓட்டிப் பார்த்தார்கள், அது புதிதாக இருக்கும்போது அற்புதம். ரப்பர் சீலின் பன்னிரண்டாவது பிறந்தநாளை யாரால் முன்கூட்டிப் பார்க்க முடியும்? தோற்றத்துக்கு எதிர்மாறான கணக்கு. முதல் நாள் பார்த்ததும் கண் உறுத்தும், நாள் ஆக ஆகக் கண் பழகும். இன்ஜினை முதல் நாள் பாராட்டுவோம், நாள் ஆக ஆகப் பில் வரும்.

எங்கள் பி.காம். பாடத்தில் தேய்மானம் என்று ஒரு அத்தியாயம் உண்டு. வருஷா வருஷம் மிச்ச மதிப்பில் இத்தனை சதவீதம் என்று கழித்துக்கொண்டே போவோம். பரீட்சைக்கு அது போதும். ஆனால் அதில் காரின் விலை மட்டும்தான் தேயும். உதிரிபாகத்தின் விலை தேயாது, வேலையாளின் கூலி தேயாது. பத்தில் ஒரு பங்கு விலைக்கு வாங்கிய காருக்கும் ரிப்பேர் பில் முழுச் சொகுசுக் கார் பில்லாகத்தான் வரும். அண்ணனுக்கு ஒரு பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். விளம்பரத்தையும்தான் :-)

இன்னொரு விஷயம். அன்றைக்குக் கையெழுத்துப் போட்டவர்களில் எத்தனை பேர் புது 7 சீரிஸ் வாங்கப் போகிறவர்கள்? என் ஊகம், ரொம்பச் சொற்பம். ஏனென்றால் கார் விற்றது. நன்றாகவே விற்றது. 2008ல் அடுத்த தலைமுறை வரும் வரை 3,40,000-க்கு மேல். எல்லோரும் உச்சி மோந்த இ38-ஐ விட அதிகம், அதுவரை வந்த எந்த 7 சீரிஸை விடவும் அதிகம். பின் சீட்டில் உட்காருகிற முதலாளிக்குத் தலைக்கு மேல் இடம் வேண்டும், தான் வந்தால் நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும். டிக்கி மூடி அவர் கண்ணிலேயே படாது, டிரைவர்தானே திறக்கிறார்.

அதற்காக ரசிகர்கள் கத்தியது வீண் என்று சொல்ல மாட்டேன். 2005ல் முகத்தையும் பின்பக்கத்தையும் திருத்தி, விளக்குகளையும் விளிம்பையும் மென்மையாக்கினார்கள். அண்ணன் பார்த்த 750 அந்தத் திருத்திய ரகம், 4.8 லிட்டர். பணம் கொடுக்காதவர்கள் சொன்னதும் ஏதோ ஒரு விதத்தில் காதில் விழுந்திருக்கிறது. அதே 2005ல் வந்த மெர்சிடஸ் எஸ் கிளாஸின் பின்பக்கத்தைப் பாருங்கள், மேலே உட்கார்ந்த டிக்கி மூடி அங்கேயும் இருக்கும். கொஞ்சம் அடக்கமாக, கேலிப் பெயர் இல்லாமல்.

எனக்கு இ65-இன் தோற்றம் பிடிக்குமா? திருத்தாத முதல் ரகம், அடர் நிறத்தில், பக்கவாட்டில் நின்று பார்த்தால் பிடிக்கும். பின்னால் நின்று பார்த்தால் இன்னும் பிடிக்கவில்லை. ஆனால் அதை வேறு எந்தக் காரோடும் குழப்பிக்கொள்ள முடியாது. லோகோவை மறைத்துவிட்டால் எது எந்தக் கம்பெனி என்றே தெரியாத செடான்களைத் தினமும் பார்த்துவிட்டு, இது மட்டும் தப்போ சரியோ தானாக நிற்பது ஒரு ஆறுதல்.

பேங்கிள் 2009ல் பி.எம்.டபிள்யூ.வை விட்டுப் போனார். கையெழுத்து வேட்டைக்காரர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டிருப்பார்கள். அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் யார் தெரியுமா? அதே ஏட்ரியன் வான் ஹூய்டொங்க்! 2019ல் 7 சீரிஸின் முன் கிரில்லை ஒரேயடியாக 40 சதவீதம் பெரிதாக்கினார்கள், மறுபடியும் கூச்சல். 2022ல் அடுத்த தலைமுறை வந்தது, முன்விளக்கையே இரண்டாகப் பிளந்து மேலே ஒன்று, கீழே ஒன்று. இன்னும் பெரிய கூச்சல். அந்தக் கூச்சலுக்கு நடுவில் ஒருத்தர் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் ஹாஸ்டல் ரூம் மேட் எழுந்துவிட்டான். இ65 எவ்வளவு அடக்கமான, கம்பீரமான கார் என்று உருகி எழுதியிருந்தார்.