வெள்ளிக்கிழமை இரவு பத்து மணி

வாரிக் அவென்யூ நிலையத்தில் பாதாள ரயிலை விட்டு மேலே வந்து, கால்வாயில் கட்டிப் போட்டிருக்கும் நீளப் படகுகளைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டு நடந்தால், அதிக தூரமில்லை, டெலவேர் சாலை வந்துவிடுகிறது. ஒரு பக்கம் செங்கல் அடுக்குமாடி வீடுகள். எதிர்ப்பக்கம் ஒரு வெள்ளைக் கட்டடம், உயரமே இல்லாமல் தெரு நீளத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. பிபிசியின் மைடா வேல் ஒலிப்பதிவுக் கூடம் இதுதான் என்று யாராவது சொன்னால்தான் தெரியும். கூடத்தின் பெரும்பகுதி தெருமட்டத்துக்குக் கீழே இருக்கிறது.

1909-ல் இதை ரோலர் ஸ்கேட்டிங் அரங்கமாகக் கட்டினார்கள். 1930களில் பிபிசி எடுத்துக்கொண்டது. பிபிசி சிம்பொனி இசைக்குழு பல தலைமுறைகளாக இங்கேதான் ஒத்திகை பார்த்தது. பிங் கிராஸ்பி 1977 அக்டோபரில் இங்கே வந்து பாடிவிட்டுப் போனார். மூன்றே நாளில் காலமானார். இத்தனை பெரிய சங்கதிகள் இருந்தும் நான் இந்த நடைபாதையில் வந்து நின்றது ஒரு வாராந்தர வானொலி நிகழ்ச்சிக்காக. அதன் பெயர் ஃப்ரைடே ராக் ஷோ. பிபிசி ரேடியோ 1-ல் 1978 நவம்பர் 17 அன்று தொடங்கி 1993 வரை, வெள்ளிக்கிழமை இரவுகளில் ஒலித்தது. தொகுப்பாளர் டாமி வான்ஸ், தயாரிப்பாளர் டோனி வில்சன். வயலின்களும் செல்லோக்களும் முழங்கிய அதே கட்டடத்தில் ஹெவி மெட்டல் இளைஞர்கள் வந்து ஆம்ப்ளிஃபையரை இறக்கியது எப்படி என்று எனக்கு வெகு நாளாகவே ஓர் ஆச்சரியம். அதற்கான காரணத்தைத் தெரிந்துகொண்டபோது ஆச்சரியம் இன்னும் கூடியது.

அந்தக் காலத்து பிரிட்டனில் பிபிசி தன் இஷ்டத்துக்கு இசைத்தட்டு போட முடியாது. இசைத்தட்டு நிறுவனங்களின் உரிமைகளைக் கவனித்த ஃபோனோகிராஃபிக் பெர்ஃபார்மன்ஸ் அமைப்பும் இசைக்கலைஞர்களின் தொழிற்சங்கமும் சேர்ந்து ஒரு வரம்பு வைத்திருந்தன. இசைத்தட்டில் பதிவான பாட்டை நாளொன்றுக்கு இத்தனை மணி நேரம்தான் ஒலிபரப்பலாம், அதற்கு மேல் கூடாது. ஊசி நேரம் என்று பெயர் பெற்ற அந்த நேரத்தைச் சொட்டுச் சொட்டாகத்தான் செலவழிக்க வேண்டும். மிச்ச நேரத்துக்கு? கலைஞர்களைக் கூப்பிட்டு, சம்பளம் கொடுத்து, பிபிசி கூடத்திலேயே வாசிக்க வைக்க வேண்டும். வானொலியும் இசைத்தட்டும் சேர்ந்து நடன இசைக்குழுக்களின் பிழைப்பைக் கெடுத்துவிடும் என்ற பயத்தில் பிறந்த விதி அது. 1988-ல்தான் அது முடிவுக்கு வந்தது. யாரைக் காப்பாற்ற எழுதினார்களோ அவர்களை எந்த அளவு காப்பாற்றியதோ, தொழிற்பேட்டை ஊர்களில் பகலில் வேலைக்குப் போய் இரவில் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்த பையன்களுக்கு அது ஒரு கதவைத் திறந்துவிட்டது. இசைத்தட்டு நிறுவனம் எதுவும் ஏறெடுத்துப் பார்க்காத குழுவும் பிபிசி கூப்பிட்டால் வரலாம். வந்தால் நல்ல மைக், தேர்ந்த ஒலிப்பதிவாளர்கள், ஒரு முழு நாள். அந்த ஒரே நாளில் மூன்று நான்கு பாடல்களை வாசித்துப் பதிந்து, கலவையும் முடித்துக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். இதைத்தான் செஷன் என்பார்கள்.

இந்த நிகழ்ச்சிக்கு முன்னோடி ஒன்று உண்டு. ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த ஆலன் ஃப்ரீமன் 1973 முதல் சனிக்கிழமை பிற்பகல்களில் ராக் இசையைத் தொகுத்து வழங்கினார். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மேற்கத்திய செவ்வியல் இசைத் துணுக்குகளைச் செருகுவார். 1978-ல் அவர் விலகிய பிறகுதான் வெள்ளிக்கிழமை இரவு பிறந்தது.

இரவு பத்து மணி என்பதை நேரம் கெட்ட நேரம் என்று நினைக்கக்கூடாது. ரேடியோ 1-க்கு அப்போது சொந்தமாகப் பண்பலை கிடையாது. பகலெல்லாம் மத்திய அலைதான். மத்திய அலையில் ஒலி ஒற்றைத் தடம், மேல்ஸ்தாயி அறுபட்டுவிடும். டிரம்ஸின் தாம்பாளத் தகடுகள் சரசரப்பாகத் தேயும். இருட்டிவிட்டால் ஐரோப்பாவின் ஏதோ ஒரு நிலையம் குறுக்கே புகுந்து பேசும். ரேடியோ 2-ன் பண்பலை அலைவரிசையைக் கடன் வாங்கிய சில வேளைகளில் மட்டும் ரேடியோ 1 ஸ்டீரியோவில் கேட்கும். அப்படிக் கிடைத்த வேளைகளில் ஒன்றுதான் பத்திலிருந்து நள்ளிரவு வரை. இந்த இசைக்கு அது எவ்வளவு பெரிய வரம் என்று கேட்டவர்களுக்குத் தெரியும். இரண்டு கிட்டார்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு, பிறகு சேர்ந்து, இணை சுரங்களில் ஒரே மெட்டை வாசிப்பதுதான் அன்றைய பிரிட்டிஷ் மெட்டலின் அழகு. ஒரு கிட்டார் இடக்காதிலும் இன்னொன்று வலக்காதிலுமாகப் பிரிந்து வந்தால்தான் அந்தத் துரத்தல் புரியும். ஒற்றைத் தடத்தில் அது ஒரே கூச்சல். இந்த இசையைப் பழித்தவர்களில் பாதிப் பேர் மத்திய அலையில் கேட்டவர்கள் என்றே நான் நம்புகிறேன்.

நேரமும் கச்சிதமாக அமைந்தது. பத்திரிகையாளர் ஜெஃப் பார்ட்டன் 1979 மே மாதம் சவுண்ட்ஸ் வார இதழில் எழுதிய கட்டுரையோடு, பிரிட்டிஷ் ஹெவி மெட்டலின் புதிய அலை என்ற பெயர் ஊரெங்கும் பரவியது. பங்க் இசைதான் பேச்சாக இருந்த காலம் அது. பகல்நேர வானொலி பங்கையும் அரைமனதோடு போட்டது, மெட்டலை அந்த அளவுக்கும் சீந்தவில்லை. பிரிட்டன் முழுவதும் ஒரே நேரத்தில் இந்த இசையைக் கேட்க வாரத்துக்கு இந்த இரண்டு மணி நேரம்தான்.

1979 நவம்பர் 14 அன்று ஐந்து இளைஞர்கள் இந்த டெலவேர் சாலைக்கு வந்தார்கள். அயர்ன் மெய்டன். பாடகர் பால் டியானோ, பேஸ் கிட்டார் ஸ்டீவ் ஹாரிஸ், கிட்டார் டேவ் மர்ரியும் டோனி பார்சன்ஸும், டிரம்ஸ் டக் சாம்ப்சன். கேம்பிரிட்ஜில் முந்தைய ஆண்டின் கடைசி நாட்களில் பதிந்த சில பாடல்களை, சொந்தக் காசில் ஐயாயிரம் தட்டுகளாக அடித்து, தபாலில் விற்கத் தொடங்கியிருந்தார்கள். அவ்வளவுதான் அவர்களுடைய ஆஸ்தி. கூடத்தில் நான்கு பாடல்கள் வாசித்தார்கள். டிசம்பர் 14 அன்று அது ஒலிபரப்பானது. அதே டிசம்பரில் இ.எம்.ஐ. நிறுவனத்துடன் ஒப்பந்தமும் ஆயிற்று. அடுத்த ஏப்ரலில் வந்த முதல் தொகுப்பு பிரிட்டிஷ் பட்டியலில் நான்காம் இடத்துக்கு ஏறியது. வானொலிதான் அவர்களை ஏற்றிவிட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஊர் ஊராக வேனில் அலைந்தே அவர்கள் ரசிகர்களைச் சேர்த்திருந்தார்கள். ஆனால் அந்த நான்கு பாடல்களையும் இன்று கேட்டால், பார்சன்ஸும் சாம்ப்சனும் குழுவில் இருந்த அந்தச் சொற்ப காலத்தின் ஒலி அப்படியே கிடைக்கிறது. அடுத்த சில வாரங்களுக்குள் இருவரும் விலகிவிட்டார்கள். பிபிசி கூப்பிட்டிராவிட்டால் அந்த வரிசையின் வாசிப்பு இவ்வளவு துல்லியமாக நமக்கு மிஞ்சியிருக்காது.

இன்னொரு குழு சாம்சன். செஷன்களிலிருந்து பிபிசியே 1980-ல் வெளியிட்ட மெட்டல் எக்ஸ்ப்ளோஷன் தொகுப்பில் ஏஞ்சல் விட்ச் போன்றவர்களோடு அவர்களும் இருக்கிறார்கள். அவர்களின் பாடகர் புரூஸ் டிக்கின்சன் 1981-ல் அயர்ன் மெய்டனுக்குப் போனார். 2002 முதல் 2010 வரை பிபிசி 6 மியூசிக்கில் தாமே ஒரு ராக் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்கினார்.

டாமி வான்ஸைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. பிறந்தது 1940-ல், ஆக்ஸ்ஃபோர்ட்ஷயரில். இயற்பெயர் ரிச்சர்ட் ஹோப்-வெஸ்டன். அமெரிக்காவில், சியாட்டில் நகர வானொலி ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தபோது, வருவதாக விளம்பரம் செய்யப்பட்டிருந்த டாமி வான்ஸ் என்ற வேறொருவர் வராமல் போனார். பெயரைப் பாடும் அறிவிப்பு இசையெல்லாம் பதிவாகித் தயாராக இருந்தது. வந்தவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். அதுவே கடைசிவரை நிலைத்தது. இங்கிலாந்து திரும்பி, கடலில் கப்பலிலிருந்து ஒலிபரப்பிய ரேடியோ கரோலைனில் பேசினார். ஆழமான, கரகரத்த குரல். டிக்ஸி டிரெக்ஸ் குழுவின் துள்ளலான கிட்டார் இசை முகப்பாக ஒலிக்க, அதன்மேல் அந்தக் குரல் ஏறும். பாட்டை அறிவிப்பதில் அவருக்கு ஒரு மரியாதை இருந்தது. யாரும் கேள்விப்படாத ஊரின் பெயர் தெரியாத குழுவையும் பெரிய குழுவை அறிவிக்கும் அதே கனத்தோடு அறிவிப்பார். இளக்காரம் துளியும் இருக்காது. நீ விரும்பும் இசை மட்டமானது என்று மற்ற ஆறு நாளும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பதினாறு வயதுப் பையனுக்கு அது என்னவாக இருந்திருக்கும்!

அப்படி ஒருவரைப் பார்க்கத்தான் பேடிங்டனில் ரயிலேறி ரெடிங் போனேன். லண்டன் நண்பர் ஒருவர் ஏற்பாடு செய்த சந்திப்பு. பஸ் மெக்கானிக்காக இருந்து ஓய்வுபெற்றவர். முதலில் என்னை ரிச்ஃபீல்டு அவென்யூ ஓரமாகத் தேம்ஸ் நதியை ஒட்டிய புல்வெளிக்கு அழைத்துப் போனார். ஆண்டுதோறும் ஆகஸ்ட் கடைசியில் ரெடிங் இசைத் திருவிழா நடக்கும் இடம். மற்ற நாட்களில் வெறும் புல்தான்.

"இங்கேதான் 1980-ல் மெய்டனைப் பார்த்தேன். சனிக்கிழமை. அன்றைக்குக் கடைசிக் கச்சேரி யூ.எஃப்.ஓ. பிபிசிக்காரர்கள் பதிவு செய்தார்கள். அப்புறம் வான்ஸ் அதை ஒலிபரப்பினார். நானும் கத்தியிருக்கிறேன், அந்தக் கூட்டத்தில் என் குரலும் இருக்கிறது" என்றார். அன்றைய மெய்டன் கச்சேரி 2002-ல் டிசம்பர் 14 செஷனோடு சேர்ந்து குறுந்தட்டாக வெளிவந்தது. அவர் அதை வாங்கியது அந்தக் கூச்சலுக்காக.

வான்ஸ் பிற்பாடு என்ன ஆனார் என்பதைச் சொல்ல ஓர் அலைவரிசையின் கதையிலிருந்து தொடங்க வேண்டும். ரேடியோ 1 தொடக்கத்தில் 247 மீட்டர் மத்திய அலையில் இருந்தது. ஃப்ரைடே ராக் ஷோ தொடங்கி ஆறாம் நாள், 1978 நவம்பர் 23 அன்று, ரேடியோ 1-ஐ 275, 285 மீட்டருக்கு மாற்றி, பழைய அலையை ரேடியோ 3-க்குக் கொடுத்தார்கள். பிறகு அது தனியாருக்குப் போனது. 1993 ஏப்ரலில் அதே அலையில் வர்ஜின் 1215 என்ற ராக் நிலையம் பிறந்தபோது, வான்ஸ் பிபிசியை விட்டு அங்கே சேர்ந்தார். 2005 மார்ச் 6 அன்று, 64 வயதில் இறந்தார். மைடா வேல் கூடமும் கைமாறிவிட்டது. பிபிசியின் இசைப் பிரிவு கிழக்கு லண்டன் ஸ்ட்ராட்ஃபோர்டுக்குப் போகும் என்று 2018-ல் அறிவித்தார்கள். 2020-ல் பாதுகாக்கப்பட்ட கட்டடமாகப் பட்டியலிட்டார்கள். 2023-ல் திரை இசையமைப்பாளர் ஹான்ஸ் ஸிம்மரும் கூட்டாளிகளும் வாங்கினார்கள். ஒலிப்பதிவுக் கூடமாகவே நடத்துவதாகச் சொல்லியிருப்பது எனக்குப் பெரிய நிம்மதி.

மெக்கானிக்கின் வீட்டில் அலமாரி நிறைய கேசட்டுகள். எல்லாம் தொண்ணூறு நிமிடக் கேசட். ஒரு பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிடம். நிகழ்ச்சியோ இரண்டு மணி நேரம். வெள்ளிக்கிழமை இரவு நண்பர்களோடு மதுக்கடைக்குப் போகாமலும் இருக்க முடியாது.

"அதற்கு என்ன செய்தீர்கள்?"

"பத்து மணிக்குப் பதிவைத் தொடங்குவதும், 10:45-க்குக் கேசட்டைத் திருப்பிப் போடுவதும் அம்மா. பதினொரு மணிக்குக் கடையைச் சாத்தியதும் நான் ஓடி வந்துவிடுவேன். 11:30-க்கு இரண்டாவது கேசட் நான் மாற்றுவேன்."

அம்மாவுக்கு இந்த இசையைக் கண்டாலே ஆகாது. அதனால் ஒலியைச் சுத்தமாகக் குறைத்து வைத்துவிடுவார். பாட்டு எங்கே முடிகிறது என்று தெரியாமல், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் திருப்புவார். சேகரிப்பு முழுக்க ஒவ்வொரு வாரமும் ஒரு பாட்டு நடுவில் அறுந்திருப்பது அதனால்தான்.

இப்போது அவற்றை ஒவ்வொன்றாகக் கணினிக்கு மாற்றிக்கொண்டிருக்கிறார். பாடல்கள் வேறெங்கும் கிடைக்கும், வான்ஸ் நடுவில் பேசியது கிடைக்காது என்கிறார். எதைப் போடட்டும் என்று கேட்டார். 1979 டிசம்பர் 14 என்றேன்.

"அது இல்லை. இந்த ரேடியோ கேசட்டே அந்தக் கிறிஸ்துமஸுக்கு வாங்கிக் கொடுத்ததுதான். பதினோரு நாள் தள்ளிப் போய்விட்டது" என்றார். நாற்பது வருடத்துக்கு மேலாகியும் அந்தப் பதினோரு நாளை அவர் மன்னிக்கவில்லை. 1981-ல் ஒரு வாரத்தை எடுத்துப் போட்டார். கொஞ்ச நேரம் கேட்டோம். ஒரு பாட்டின் நடுவில் விரலை உயர்த்தி, "அம்மா இப்போது எழுந்து வருகிறாள்" என்றார். கிட்டார் பாதியில் அறுந்தது. அவர் கேசட்டைத் திருப்பிப் போட்டார்.